ஆணி அடிக்குமுன் கேளுங்கள்

மார்ச் 8, பெண்கள் தினம் நெருங்கினால் நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் துணிக்குத் திடீர் கிராக்கி வந்துவிடும். ஊதா நிறத்தில் பத்து மீட்டர், நைலான் கயிறு ஒரு கட்டு, கிளிப் இரண்டு டஜன், பூத்தையல் வளையம் நான்கைந்து என்று கடைக்கு ஆள் ஓடும். நடைகூடத்தின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் கயிறு கட்டி, 'என் உடல் என் உரிமை', 'வேண்டாம் என்றால் வேண்டாம்தான்' என்று தைத்த துணிகளை வரிசையாக மாட்டுவார்கள். காபிக் கடைக்காரர் அதே வாசகத்தைக் குஷன் உறையில் போட்டிருப்பார். இங்கே எல்லோரும் வரலாம் என்பதற்கு அடையாளமாக வாசலில் வானவில் நிறத் திரைச்சீலை ஒன்று ஆடும்.

துணியோடு எனக்குச் சண்டை இல்லை. மேடையில் ஏறிப் பேச வாய்க்காத எத்தனையோ பெண்கள் ஊசியால் பேசியிருக்கிறார்கள். சர்வாதிகாரி பினோசெட் ஆட்சியில் சிலி நாட்டுப் பெண்கள், காணாமல் போன கணவனையும் பிள்ளையையும் பற்றிச் சாக்குத் துணியில் ஒட்டுத்தையல் போட்டு வெளிநாடுகளுக்குக் கடத்தியே உலகத்துக்குச் செய்தி சொன்னார்கள். அவ்வளவு வலிமை உள்ள சாதனம் இது. அதனால்தான் ஏணியில் ஏறி நிற்கும் தம்பியைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்கள் என்கிறேன். இந்தத் துணியில் இருப்பது யாருடைய கதை? அவரிடம் கேட்டீர்களா? தைத்தது யாருடைய கை? அவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா? இதை மாட்டப்போகும் அறையில் அந்தப் பெண் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியுமா? பதில் இல்லை என்றால் இந்த வருடம் சுவர் வெறுமையாகவே கிடக்கட்டும். ஒன்றும் குடி முழுகிப் போகாது.

நீங்கள் கட்டும் கயிறு புதிதல்ல. 1978-இல் மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மோனிகா மாயர் என்ற கலைஞர் துணி உலர்த்தும் கொடியைக் கட்டி, இளஞ்சிவப்புச் சீட்டுகளைக் கிளிப் போட்டு மாட்டினார். ஒரு பெண்ணாக இந்த நகரத்தில் உங்களுக்கு மிகவும் பிடிக்காதது என்ன என்பதுதான் கேள்வி. பல வயதிலும் பல தொழிலிலும் இருந்த பெண்களிடம் நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கினார். தெருவிலும் பேருந்திலும் படும் சீண்டலே சீட்டுக்குச் சீட்டு வந்தது. பார்க்க வந்த பெண்களும் யாரும் சொல்லாமலே தங்கள் பங்குக்கு எழுதி மாட்டினார்கள். அந்தக் கேள்வியின் பக்குவத்தைக் கவனியுங்கள். அது நகரத்தைப் பற்றிக் கேட்டது. உனக்கு என்ன நடந்தது, எப்போது நடந்தது, எவன் செய்தான் என்று யாரையும் குடையவில்லை. சொல்ல விரும்பியவர் சொன்னார், அவர் வைத்த அளவில்.

நாம் என்ன செய்கிறோம்? வகுப்புக்கு ஐந்து சீட்டு கட்டாயம் என்று சுற்றறிக்கை அனுப்புகிறோம். துறை, ஆண்டு, சில இடங்களில் ரோல் நம்பர் வரைக்கும் எழுதச் சொல்கிறோம். பொறுப்பாசிரியர் வாங்கிப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உருக்கமா எழுதும்மா" என்று திருப்பித் தருகிறார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். மதியத்துக்குள் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாயிற்று. சாயங்காலம் அவள் அண்ணன் பார்க்கிறான். "பஸ்ஸுல நடந்துச்சுன்னு எழுதியிருக்கியே, எந்த பஸ்? எங்ககிட்ட ஏன் சொல்லல? இனிமே நீ காலேஜுக்குப் போய்க் கிழிக்க வேண்டாம்." இப்படி நின்றுபோகும் படிப்புக்கு எந்தக் கண்காட்சி பொறுப்பேற்கும்? சம்மதத்தைப் பற்றிய கண்காட்சியே அவளுடைய சம்மதம் இல்லாமல் நடந்து முடிந்து, பொறுப்பாசிரியருக்குச் சான்றிதழும் வந்துவிட்டது.

பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003-இல் தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' இதை வேறு மாதிரி செய்தது. சீண்டலுக்கு ஆளான அன்று உடுத்தியிருந்த உடையைக் கொண்டுவந்து தாருங்கள் என்று பெண்களை அழைத்தது. நீ என்ன உடுத்தியிருந்தாய் என்று காலம்காலமாகப் பெண்ணைக் கூண்டில் ஏற்றிய கேள்விக்கு அந்த உடைகளே பதில் சொல்லட்டும் என்பது எண்ணம். பீரோவின் அடித்தட்டில் சுருட்டிப் போட்ட உடையை வெளியே எடுப்பதா, அங்கேயே விடுவதா என்பதை அவள்தான் முடிவு செய்தாள். வகுப்புக்கு ஐந்து உடை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

துயரத்தைத் துணியில் ஏற்றுவதில் இன்னும் பழகியவர்களைப் பாருங்கள். எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் கிளீவ் ஜோன்ஸும் நண்பர்களும் தொடங்கிய ஒட்டுத்துணி நினைவுச் சின்னம், 1987 அக்டோபர் 11 அன்று முதன்முதலாக வாஷிங்டனில் விரிக்கப்பட்டது. அன்று 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, அதாவது ஒரு புதைகுழியின் அளவு. இன்றைக்கு ஏறக்குறைய 50,000 துண்டுகளாகி, மொத்த எடை 54 டன். அவற்றில் எல்லாத் துண்டுகளிலும் முழுப் பெயர் இருக்காது. சிலவற்றில் முதற்பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் வெறும் முதலெழுத்து. ஊர் பேசும் என்று அஞ்சிய காலம் அது. எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதைத் தைத்தவர் கைக்கே விட்டார்கள். இறந்துபோனவருக்கே அந்த மரியாதை கிடைத்தது. நாளைக் காலை அதே வகுப்பில், அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டிய பெண்ணுக்கு நாம் அதைத் தர மறுக்கிறோம்.

பால்டிமோரில் ஹன்னா பிரன்காட்டோவும் ரெபெக்கா நேகலும் நடத்திய 'ஃபோர்ஸ்' அமைப்பு 2013-இல் வேறொரு ஒட்டுத்துணியைத் தொடங்கியது. சிவப்புத் துணி, 4 அடிச் சதுரம். வன்புணர்வையும் வன்கொடுமையையும் கடந்து வந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதியோ தைத்தோ வரைந்தோ அனுப்பினார்கள். 2019 மே 31 முதல் ஜூன் 2 வரை வாஷிங்டன் நேஷனல் மாலில் விரித்தபோது ஏறக்குறைய 3,000 கதைகள் சேர்ந்திருந்தன. ஆறு வருடம் பொறுத்திருக்கிறார்கள். நமக்கோ வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

கலைஞனுக்கு எதற்கு அனுமதி என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் சொந்தக் கதை என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊரே முகம் சுளித்தாலும் தையுங்கள், நான் பார்க்க வருவேன். பிரிட்டிஷ் கலைஞர் டிரேசி எமின் 1995-இல் ஒரு கூடாரத்தின் உட்புறம் முழுவதும், அதுவரை தன்னோடு ஒரே படுக்கையில் உறங்கிய 102 பேரின் பெயர்களைத் துணியில் வெட்டித் தைத்தார். காதலர்கள் மட்டுமல்ல, கூடப் பிறந்த இரட்டையரும் பாட்டியும் அதில் உண்டு. பெயர்ப் பட்டியல் என்று கேள்விப்பட்டு வம்புக்கு அலைந்து உள்ளே குனிந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். 2004-இல் ஒரு கிடங்கில் தீப்பிடித்து அந்தக் கூடாரம் எரிந்துபோயிற்று. துணிச்சலான படைப்புதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 102 பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. ஒரு பெரிய கலைஞர்மீதே அந்தக் கேள்வி எழும்போது, விழாக் குழு எம்மாத்திரம்?

சட்டமும் உங்களை விடாது. வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு வருடம்வரை சிறை. தன் பெயரை வெளியிட அவரே சம்மதிக்கிறார் என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் புகார் கொடுத்தவரின் பெயரையும் முகவரியையும் வெளியே விடக் கூடாது என்கிறது. "நல்ல நோக்கத்தில்தானே போட்டோம்" என்பது அங்கே செல்லாது.

இனி தைத்த கைகளைப் பற்றி. கலைஞர் ஜூடி சிகாகோவின் 'இரவு விருந்து' என்ற படைப்பு 1979-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. முக்கோண மேசை, பக்கத்துக்கு 48 அடி. புராணத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் 39 பெண்களுக்கு 39 இருக்கை, ஒவ்வொன்றின் முன்னும் அந்தந்தக் காலத்துத் தையல் முறையில் பூவேலை செய்த விரிப்பு. இதற்கு உழைத்தவர்கள் 400 பேருக்கு மேல், பெரும்பாலோர் கூலியில்லாமல். பெண்ணுரிமை பேசும் படைப்புக்குப் பெண்களின் இலவச உழைப்பா என்று அப்போதே கண்டனம் எழுந்தது. எழுந்தது நியாயம்தான். ஆனால் அவர் அந்த உழைப்பாளிகளின் பெயர்களைப் பலகைகளில் ஏற்றிப் படைப்போடு காட்சிக்கு வைத்தார். நம் விழா பேனரில் தாளாளர் படம் இருக்கும், தலைமை விருந்தினர் படம் இருக்கும். இரவெல்லாம் விழித்துத் தைத்துக் கொடுத்த தெருக்கோடித் தையற்கார அக்காவின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பெயராவது பிறகு. காசு கொடுத்தீர்களா? பெண்கள் தினம்தானே, அன்பளிப்பாகச் செய்து கொடுங்களேன் என்று கேட்டு வாங்கியிருந்தால் உடனே போய்க் கணக்கைத் தீருங்கள்.

கோலங்களுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. நீலகிரித் தோடர் பெண்கள் அச்சோ வரைபடமோ இல்லாமல், வெள்ளைத் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள். துணியின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று நமக்குத் தடுமாறும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூத்துக்குளி என்னும் அந்தப் போர்வை அவர்களுக்கு வெறும் அலங்காரம் இல்லை, இறந்தவரைப் போர்த்தி வழியனுப்புவதும் அதைக் கொண்டுதான். அந்தக் கோலத்தை இயந்திரத்தில் அடித்து, விடுதிக் கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே போட்டு, பழங்குடிப் பெண்களைப் போற்றுகிறோம் என்று பக்கத்தில் அட்டை வைக்காதீர்கள். வேண்டுமென்றால் மலையேறிப் போங்கள், தைக்கிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள். சில கோலங்களைத் தர மாட்டோம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

வாசகம் எழுதிய திரைச்சீலையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். திரைச்சீலை, மேசைவிரிப்பு, குஷன் உறை எல்லாம் கரூரிலிருந்து உலகமெங்கும் போகின்றன. நூலும் துணியும் தையலும் என்று திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரத்தில் வேலை செய்பவர்களில் இளம்பெண்கள் ஏராளம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன் பிறகு பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள், சீண்டலைக் கண்டால் புகார் எடுத்தார்கள். துணி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மீட்டர் விலையோடு இதையும் கேளுங்கள்: எந்த ஆலைத் துணி, அங்கே புகார்க் குழு இருக்கிறதா? அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் அவர் ஆலைக்காரரைக் கேட்பார்.

அறைக்கு வருவோம். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

1972-இல் ஹாலிவுட்டில், இடிக்கவிருந்த ஒரு பாழடைந்த மாளிகையை ஜூடி சிகாகோவும் மிரியம் ஷாபிரோவும் அவர்களுடைய மாணவிகளும் தாங்களே பழுது பார்த்து, அறைக்கு அறை கலைப்படைப்பாக மாற்றினார்கள். 'பெண்வீடு' என்று ஒரு மாதம்போல நடந்தது. அதில் சாண்ட்ரா ஆர்கெல் செய்த துணி அலமாரி ஒன்று. தட்டுகளில் படுக்கை விரிப்புகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். அந்தத் தட்டுகள் ஒரு பெண்ணுருவத்தின் உடலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். அவளுடைய ஒரு கால் மட்டும் அலமாரியைவிட்டு வெளியே எடுத்து வைத்திருக்கும். நம் வீட்டு அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டாம். இன்னொரு அறை ஜூடி சிகாகோ அமைத்த மாதவிடாய்க் கழிவறை. மெல்லிய திரை வழியாகத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் வெள்ளை வெளேர் என்றிருக்க, குப்பைத்தொட்டியில் மட்டும் உதிரம் தோய்ந்த பஞ்சுகள் நிரம்பி வழியும்.

1972-இல் அதிர்ச்சிக்காக ஒரு கலைஞர் வைத்த அந்தக் குப்பைத்தொட்டி, இன்று உங்கள் கண்காட்சி நடக்கும் கட்டடத்தின் பெண்கள் கழிவறையில் இருக்கிறதா? மேல்மாடிக்குப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடக்கும். தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். இன்னும் சில இடங்களில் சாவி அலுவலக உதவியாளர் மேசையில் இருக்கும், ஒவ்வொரு முறையும் அவரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். பூத்தையல் வளையம் வாங்கிய காசில் பத்துத் தாழ்ப்பாள் வாங்கலாம். முதலில் அதை வாங்குங்கள்.

எல்லோரும் வரலாம் என்று திரைச்சீலை போட்டவரே, ஒரு திருநங்கை வந்தால் எந்தக் கழிவறைக்குப் போவார் என்று உங்கள் காவலாளிக்குச் சொல்லிவைத்திருக்கிறீர்களா? திருநங்கைகளுக்கென நல வாரியத்தை 2008-இலேயே அமைத்து நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. தன் பாலின அடையாளத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் வாசலில் மட்டும் காவலாளி மேலும் கீழும் பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்று அதட்டினால் வானவில் துணியால் என்ன பயன்? சக்கர நாற்காலி ஏறாத மூன்று படிக்கட்டுக்கு மேலே அந்தத் துணியைத் தொங்கவிட்டிருந்தால், அது யாரை அழைக்கிறது?

'இரவு விருந்'திலும் இந்தக் குறை இருந்தது. 39 பேரில் கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் ஒருவர்தான். அவரைச் சித்தரித்த விதத்தையும் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் சும்மா விடவில்லை. விடுபட்டவர்களுக்காகப் போட்ட பந்தியிலேயே விடுபட்டவர்கள். உங்கள் விழாக் குழுவில் யார் யார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கூட்டிப் பெருக்கும் அம்மா அதில் இருக்கிறாரா?

ஜவுளிக்கடை நடத்துபவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. பெண்கள் தினத் தள்ளுபடிக்கு வாசலில் துணித் தோரணம் கட்டுகிறீர்கள். சேலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் பெண் காலையிலிருந்து நிற்கிறாள். வேலையாட்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது, அதற்கு வழிவகுத்ததே உங்கள் கடைப் பெண்களின் வீங்கிய கால்கள்தான். நாற்காலி போடுங்கள். போட்ட நாற்காலியில் அவள் உட்காரும்போது முறைக்காமலும் இருங்கள். உடை மாற்றிப் பார்க்கும் அறையின் கதவு தரைவரை இறங்கட்டும், உள்ளே கொக்கி இருக்கட்டும். தையற்கடைக்காரர்களே, அளவெடுக்கும் முன் "அக்கா, தோள்ல டேப் வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வையுங்கள். வேண்டாம், அளவுச் சட்டை கொண்டுவந்திருக்கிறேன் என்றால் அதை வாங்கித் தையுங்கள்.

வீட்டையும் விடுவதற்கில்லை. பல வீடுகளில் பையன் அறைக்குக் கதவு இருக்கும், பெண் தூங்கும் இடத்துக்கு ஒரு திரைச்சீலைதான். அந்தச் சீலையில் எவ்வளவு அழகான பூவேலை இருந்தாலும், அப்பாவும் அண்ணனும் வெளியே நின்று "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்காதவரை அது கதவு ஆகாது. இன்று இரவிலிருந்தே கேட்கத் தொடங்குங்கள்.

அலுவலகச் சுவரில் எதை முதலில் மாட்டுவது என்று குழப்பமா? சட்டமே சொல்லிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதை அமைத்த ஆணையும் துன்புறுத்தலுக்கு என்ன தண்டனை என்பதும் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அந்தத் தாள் கோப்புக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. அதை எடுத்து, உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண்ணோடு, நல்ல பெரிய எழுத்தில் சட்டம் போட்டு மாட்டுங்கள். பூவேலை செய்துதான் தீர்வேன் என்றால் அதைச் சுற்றிச் செய்யுங்கள்.

கயிறு கட்டத்தான் போகிறீர்கள் என்றால் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். சீட்டு எழுதுகிறவளில் ஒருத்தி புகார் கொடுக்கவே வழி தேடிக்கொண்டிருக்கலாம். அவளுக்குக் கெடு மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். எழுதித் தர முடியாவிட்டால் குழுவினர் எழுத உதவ வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதிக் கயிற்றின் தொடக்கத்தில் தொங்கவிடுங்கள். கட்டாயம் கூடாது. பெயரும் ரோல் நம்பரும் கூடாது. கையெழுத்து தெரிந்துவிடும் என்று தயங்குபவர்களுக்காக ஓரமாக ஒரு தட்டச்சுக் கணினி வையுங்கள். சீட்டுகளைப் படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், முதல்வர் கேட்டாலும் அதே பதில். மாட்டியவள் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொண்டு போகலாம், தலைமை விருந்தினரின் கார் வாசலில் வந்து நின்ற பிறகும்கூட. ஏன் என்று கேட்காதீர்கள்.

விழா முடிந்த மறுநாள் அந்தச் சீட்டுகளும் துணிகளும் எங்கே போகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. விளையாட்டு அறையில் பழைய பேனர்களோடு மூட்டையாகக் கிடக்கும். அடுத்த மாதம் யாராவது பிரித்து வாசித்துச் சிரிப்பார்கள். கழற்றுவதற்கு முன் மூன்று நாள் விடுங்கள், எழுதியவர்கள் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து தங்களுடையதை எடுத்துப் போகட்டும். மிஞ்சியதைப் பெண்கள் இருவர் நின்று கிழித்து எரித்துவிடுங்கள். முன்பே எடுத்துப் போட்ட படங்கள் கல்லூரிப் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். போன வருடத்துப் படங்களும் இன்னும் அங்கேதான் இருக்கும், அவற்றையும் சேர்த்து.